ஆங்கில வாக்கிய வரிசையும் பிரசன்ட் பெர்ஃபெக்ட்டும்: தமிழைத் துணைக்கு வைத்துப் பழகும் முழு வழிகாட்டி

'நாய் பூனையைத் துரத்தியது.' 'பூனையை நாய் துரத்தியது.' இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான். பூனையோடு வேற்றுமை உருபு ஒட்டியிருக்கும் வரை அந்தச் சொல்லை எங்கே தூக்கிப் போட்டாலும் ஓடுவது பூனைதான். ஆங்கிலத்தில் அந்த உருபு கிடையாது. 'தி டாக் சேஸ்ட் தி கேட்' என்பதில் இரண்டு பெயர்களையும் இடம் மாற்றிவிட்டால், பூனை நாயைத் துரத்தத் தொடங்கிவிடும். தமிழில் விகுதி பார்க்கும் வேலையை ஆங்கிலத்தில் இடம் பார்க்கிறது.

பிரசன்ட் பெர்ஃபெக்ட் என்பது 'ஐ ஹேவ் சீன்' போல 'ஹேவ்' சேர்ந்து வரும் காலம். அதில் சிக்கல் வேறு விதம். தமிழில் 'போயிருக்கிறேன்', 'போய்விட்டேன்', 'ஐந்து வருடமாகப் போகிறேன்' என்று மூன்று வெவ்வேறு வடிவங்களில் சொல்வதை ஆங்கிலம் ஒரே காலத்துக்குள் அடைக்கிறது. போதாக்குறைக்கு, 'இருக்கிறேன்' வருகிற இடங்களில் எல்லாம் 'ஹேவ்' போட்டால் பாதி தவறாகும். ஆனால் எந்த விகுதி எங்கே போகும் என்று ஒருமுறை தெளிவாகிவிட்டால், தமிழ் வாக்கியமே விடையைக் காட்டிக்கொடுக்கும். கீழே உள்ள பயிற்சிகள் எல்லாம் இதை வைத்துத்தான் அமைந்துள்ளன.

தேவையானவை: கோடு போட்ட நோட்டு ஒன்று, சின்ன அட்டைத் துண்டுகள் ஐம்பது அறுபது, குரல் பதிவு செய்யும் வசதியுள்ள போன். நாளுக்கு இருபது நிமிடம் போதும். முதல் வாரம் வாக்கிய வரிசை, இரண்டாவது வாரம் வினை வடிவங்கள், மூன்றாவது நான்காவது வாரங்கள் பிரசன்ட் பெர்ஃபெக்ட். இங்கே ஆங்கில வாக்கியங்கள் ஒலிப்படி தமிழ் எழுத்தில் உள்ளன. நோட்டில் எழுதும்போது ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள். இல்லாவிட்டால் எழுத்துக்கூட்டல் கைவராது.

முதல் வாரம்: கடைசியிலிருந்து படிப்பது

ஒரு தமிழ் வாக்கியத்தைத் துண்டு துண்டாக அட்டைகளில் எழுதி, எண் போடுங்கள்.

1 நான், 2 நேற்று, 3 நூலகத்தில், 4 ஒரு பழைய நண்பரை, 5 சந்தித்தேன்.

இப்போது முதல் அட்டையை அப்படியே வைத்துவிட்டு, மற்றவற்றைக் கடைசியிலிருந்து அடுக்குங்கள்: 1, 5, 4, 3, 2.

'ஐ மெட் ஆன் ஓல்ட் ஃப்ரெண்ட் அட் தி லைப்ரரி யெஸ்டர்டே.'

எழுவாய், வினை, செயப்படுபொருள், இடம், காலம். இதுதான் ஆங்கிலத்தின் இயல்பான வரிசை. தமிழின் இயல்பான வரிசையில் எழுவாயைத் தவிர மற்றதெல்லாம் இதற்குத் தலைகீழ். காலத்துக்குள்ளும் இதே தலைகீழ்தான் நடக்கிறது. 'திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு' என்பது 'அட் நைன் ஓ கிளாக் ஆன் மண்டே' ஆகிறது.

அட்டைக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் பாருங்கள். பெயரடை அசையவில்லை. 'பழைய நண்பர்', 'ஓல்ட் ஃப்ரெண்ட்' இரண்டிலும் ஒரே வரிசை. ஆனால் 'நூலகத்தில்' என்பதில் கடைசியில் ஒட்டியிருந்த 'இல்', 'அட்' என்று முன்னால் வந்துவிட்டது. 'மேசை மேல்' என்பது 'ஆன் தி டேபிள்', 'மழைக்கு முன்' என்பது 'பிஃபோர் தி ரெயின்'. பெயரெச்சம் வந்தால் அது முழுதாகப் புரண்டு பெயருக்குப் பின்னால் போய் உட்காரும்: 'நேற்று வாங்கிய புத்தகம்' என்பது 'தி புக் ஐ பாட் யெஸ்டர்டே'.

நாளுக்குப் பத்து வாக்கியம் இப்படி அடுக்குங்கள். முதல் மூன்று நாள் அட்டையோடு, அதன் பிறகு அட்டை இல்லாமல் வாயால். அட்டையைத் தொட்டு நகர்த்துவது சிறுபிள்ளை விளையாட்டாகத் தெரியலாம். ஆனாலும் மூன்று நாளைத் தவிர்க்காதீர்கள். கண்ணால் மட்டும் படித்தால் பழைய வரிசை பேச்சில் திரும்ப வந்துவிடும்.

இந்த முறையில் வழுக்கும் இடங்கள் சில உண்டு.

காலச் சொல் வாக்கியத்தின் தொடக்கத்திலும் வரலாம், முடிவிலும் வரலாம். 'யெஸ்டர்டே ஐ மெட்' என்பதும் சரிதான். எழுவாய்க்கும் வினைக்கும் நடுவில் 'ஐ யெஸ்டர்டே மெட்' என்று வரக் கூடாது. தமிழில் அதுதான் அதன் இடம் என்பதால் நாக்கு அங்கேதான் போகும்.

வினையும் செயப்படுபொருளும் ஒட்டிப் பிறந்தவை. நடுவில் எதையும் செருகாதீர்கள். 'ஐ லைக் வெரி மச் மியூசிக்' தவறு, 'ஐ லைக் மியூசிக் வெரி மச்' சரி.

'ஆல்வேஸ்', 'ஆஃபன்', 'நெவர்' போன்றவை மட்டும் நடுவில் வரலாம். தனி வினையாக இருந்தால் அதற்கு முன்: 'ஷி ஆல்வேஸ் வாக்ஸ்'. 'இஸ்', 'ஆர்' போன்றவற்றுக்குப் பின்: 'ஷி இஸ் ஆல்வேஸ் லேட்'. துணைவினை இருந்தால் முதல் துணைவினைக்குப் பின்: 'ஷி ஹேஸ் ஆல்வேஸ் வாக்ட்'. இந்தக் கடைசி இடத்தை நினைவில் வையுங்கள், மூன்றாவது வாரத்தில் 'ஜஸ்ட்', 'ஆல்ரெடி' இரண்டும் வந்து அமர்வது அங்கேதான்.

'க்கு' வரும்போது இரண்டு வழி. 'அவருக்கு ஒரு கடிதம் அனுப்பினேன்' என்பதைத் தலைகீழாக்கினால் 'ஐ சென்ட் எ லெட்டர் டு ஹிம்' கிடைக்கும். பெறுபவரை வினைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் 'டு' விழுந்துவிட வேண்டும்: 'ஐ சென்ட் ஹிம் எ லெட்டர்'. இரண்டையும் கலந்து 'ஐ சென்ட் டு ஹிம் எ லெட்டர்' என்றால் காதில் இடறும்.

அட்டையே இல்லாத சொற்கள்தான் அதிகத் தொல்லை. மேலே உள்ள வாக்கியத்தில் 'நான்' இல்லை, 'அனுப்பினேன்' என்பதன் 'ஏன்' அதைச் சொல்லிவிடுகிறது. ஆங்கில வினையில் அந்த விகுதி இல்லாததால் 'ஐ' கட்டாயம். 'அவர் ஆசிரியர்' என்பதில் வினையே இல்லை, ஆங்கிலத்தில் 'இஸ்' வேண்டும், 'எ' வேண்டும்: 'ஹி இஸ் எ டீச்சர்'. 'இருட்டிவிட்டது' என்பதில் எழுவாய் என்று சொல்ல ஒன்றுமில்லை, ஆங்கிலத்தில் காலியிடம் விடக் கூடாது என்பதற்காகவே ஓர் 'இட்' வருகிறது. 'எனக்குத் தெரியும்', 'எனக்குப் பசிக்கிறது' போன்றவற்றில் 'க்கு' பெற்றவரே ஆங்கிலத்தில் எழுவாய் ஆவார்: 'ஐ நோ', 'ஐ ஆம் ஹங்ரி'. இந்த நான்கு வகைக்கும் வேறு நிறத்தில் அட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்விக்குத் தமிழில் 'ஆ' சேர்த்தால் போதும். ஆங்கிலத்தில் எழுவாயும் துணைவினையும் இடம் மாற வேண்டும். 'வாட் யூ ஆர் டூயிங்?' தவறு, 'வாட் ஆர் யூ டூயிங்?' சரி. இதைக் கற்றுக்கொண்டதும் எதிர்ப்பக்கத் தவறு தொடங்கும்: பெரிய வாக்கியத்துக்குள் கேள்வி வரும்போதும் மாற்றிவிடுவார்கள். 'ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹி' என்பது தவறு. உள்ளே போன கேள்வி சாதாரண வரிசைக்குத் திரும்பிவிடும்: 'ஐ டோன்ட் நோ வேர் ஹி இஸ்.'

இரண்டாவது வாரம்: வினையின் மூன்றாம் வடிவம்

பிரசன்ட் பெர்ஃபெக்ட்டின் உடல் எளிது. 'ஹேவ்' அல்லது 'ஹேஸ்', அதன்பின் வினையின் மூன்றாம் வடிவம் ('கோ–வென்ட்–கான்' என்பதில் 'கான்'). 'ஹி', 'ஷி', 'இட்', தனி ஒருவரையோ ஒரு பொருளையோ குறிக்கும் பெயர் இவற்றுக்கு 'ஹேஸ்', மற்ற எல்லாவற்றுக்கும் 'ஹேவ்'. எதிர்மறையில் 'நாட்' நடுவில் வரும், கேள்வியில் 'ஹேவ்' முன்னால் வரும். சிரமம் மூன்றாம் வடிவத்தில்தான். விதிப்படி போகும் வினைகளில் இரண்டாம் வடிவமே மூன்றாவதும் என்பதால் அவற்றை விட்டுவிடலாம். மீதியை நான்கு கட்டாகப் பிரியுங்கள்.

மூன்றும் ஒன்றே: கட், புட், ஹிட், ஷட், லெட்.

இரண்டும் மூன்றும் ஒன்று: பை–பாட்–பாட், மேக்–மேட்–மேட், லூஸ்–லாஸ்ட்–லாஸ்ட், ஃபைண்ட்–ஃபவுண்ட்–ஃபவுண்ட், சென்ட்–சென்ட்–சென்ட், லீவ்–லெஃப்ட்–லெஃப்ட். 'சென்ட்' தமிழ் எழுத்தில் ஒன்றாகத் தெரிந்தாலும், ஆங்கிலத்தில் முதல் வடிவம் d எழுத்தில் முடியும், மற்ற இரண்டும் t எழுத்தில். 'ரீட்' இதற்கு நேர் எதிர்: எழுத்து மூன்றிலும் ஒன்றே, உச்சரிப்பு மட்டும் ரீட்–ரெட்–ரெட்.

முதலும் மூன்றும் ஒன்று: கம்–கேம்–கம், ரன்–ரேன்–ரன், பிகம்–பிகேம்–பிகம். 'ஹி ஹேஸ் கேம்' என்ற தவறு பிறப்பது இந்தக் கட்டைச் சரியாகப் பழகாததால்.

மூன்றும் வேறு: கோ–வென்ட்–கான், சீ–சா–சீன், டூ–டிட்–டன், டேக்–டுக்–டேக்கன், கிவ்–கேவ்–கிவன், ரைட்–ரோட்–ரிட்டன், பிரேக்–பிரோக்–பிரோக்கன், நோ–நியூ–நோன், டிரிங்க்–டிராங்க்–டிரங்க்.

இவற்றை வாய்ப்பாடு போல ஒப்பிப்பதில் பயன் குறைவு. பட்டியல் நினைவிருக்கும், பேசும்போது தேவையான வடிவம் மட்டும் வராது. வினைக்கு ஓர் அட்டை எழுதி, ஒவ்வோர் அட்டைக்கும் இரட்டை வாக்கியம் சொல்லுங்கள்: 'ஐ சா இட் யெஸ்டர்டே. ஐ ஹேவ் சீன் இட்.' 'ஐ டிட் இட் யெஸ்டர்டே. ஐ ஹேவ் டன் இட்.' முதல் வாக்கியத்தில் 'யெஸ்டர்டே' இருக்க வேண்டும், இரண்டாவதில் இருக்கவே கூடாது. வடிவமும் பதியும், அடுத்த வாரத்தின் மிகப் பெரிய விதியும் தெரியாமலே நாக்கில் ஏறும். நாளுக்கு ஐந்து புது அட்டை, அதோடு முந்தைய நாள்களின் அட்டை எல்லாம். தடுமாறிய அட்டையைக் கட்டின் அடியில் வைக்காதீர்கள். மூன்று அட்டைக்குப் பின் செருகுங்கள், உடனே மீண்டும் வரட்டும்.

மூன்றாவது வாரம்: விகுதியைப் பார்த்துக் காலத்தைப் பிடிப்பது

தமிழில் மூன்று வாசல்கள் வழியாகப் பிரசன்ட் பெர்ஃபெக்ட்டுக்குள் போகலாம்.

முதல் வாசல் 'விட்டேன்', 'விட்டது'. செயல் முடிந்தது, அதன் விளைவு இப்போது கண்முன் நிற்கிறது. 'சாவியைத் தொலைத்துவிட்டேன்' என்றால் இப்போது கதவைத் திறக்க முடியாது என்று பொருள். 'ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ.' தமிழில் இது இறந்தகால வடிவம் என்பதால், பலர் 'ஐ லாஸ்ட் மை கீ' என்பார்கள். அதில் சாவி பிறகு கிடைத்ததா இல்லையா என்பது தெரியாது.

இரண்டாவது வாசல் 'இருக்கிறேன்' என்னும் அனுபவம். 'நான் யானையைப் பார்த்திருக்கிறேன்': 'ஐ ஹேவ் சீன் ஆன் எலிஃபன்ட்.' எப்போது என்பது முக்கியமில்லை, வாழ்நாளில் ஒருமுறையாவது நடந்ததா என்பதுதான் செய்தி.

மூன்றாவது வாசல்தான் அதிகம் தவறவிடப்படுவது. 'ஐந்து வருடமாக இங்கே வேலை செய்கிறேன்' என்பது தமிழில் நிகழ்காலம். அதனால் 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்று வருகிறது. அதில் இரண்டு தவறுகள். சரியானது: 'ஐ ஹேவ் வொர்க்ட் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்.' 'ஹேவ்' இல்லாமல் 'ஐ வொர்க்ட் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்றால், இப்போது அங்கே வேலையில் இல்லை என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். வேலைக்கான நேர்காணலில் இந்த ஒரு சொல் பொருளையே மாற்றிவிடும்.

'ஃபார்', 'சின்ஸ்' குழப்பத்துக்குத் தனியாக விதி மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. தமிழ் விகுதியே பிரித்துத் தருகிறது. 'ஆக' வந்தால் 'ஃபார்', 'இலிருந்து' வந்தால் 'சின்ஸ்'. 'இரண்டு மணி நேரமாக' என்பது 'ஃபார் டூ அவர்ஸ்', 'இரண்டு மணியிலிருந்து' என்பது 'சின்ஸ் டூ ஓ கிளாக்'. 'ரொம்ப நாளாக' என்பது 'ஃபார் எ லாங் டைம்', 'திங்கட்கிழமையிலிருந்து' என்பது 'சின்ஸ் மண்டே'. 'சின்ஸ்' பின்னால் ஒரு சிறு வாக்கியம் வந்தால் அங்கே வினை இறந்தகாலம்: 'சின்ஸ் ஐ கேம் ஹியர்'.

நடந்துகொண்டே இருக்கும் செயலை வலியுறுத்த வேண்டுமானால் 'ஹேவ் பீன்' போட்டு 'இங்' சேருங்கள்: 'ஐ ஹேவ் பீன் வெயிட்டிங் ஃபார் டூ அவர்ஸ்.' ஆனால் தெரிதல், நம்புதல் போன்ற நிலையைக் குறிக்கும் வினைகளுக்கு இந்த வடிவம் ஒத்துவராது. 'ஐ ஹேவ் நோன் ஹிம்' சரி, 'ஐ ஹேவ் பீன் நோயிங் ஹிம்' தவறு.

இனி பொறிகள்.

முதலாவது, முடிந்துபோன காலம். 'நேற்றே அனுப்பியிருக்கிறேன்' என்பது நல்ல தமிழ். 'ஐ ஹேவ் சென்ட் இட் யெஸ்டர்டே' தவறான ஆங்கிலம். 'யெஸ்டர்டே', 'லாஸ்ட் வீக்', 'டூ டேஸ் அகோ', 'இன் 2010' என்று முடிந்த காலத்தைப் பெயர் சொல்லிக் குறித்துவிட்டால் 'ஹேவ்' போய்விட வேண்டும். 'வென்' என்று கேட்பதும் அதே கணக்குதான், 'வென் ஹேவ் யூ கம்?' என்பதற்குப் பதில் 'வென் டிட் யூ கம்?'. முடியாத காலம் என்றால் தடையில்லை: 'டுடே', 'திஸ் வீக்', 'திஸ் இயர்' எல்லாவற்றோடும் வரலாம்.

இரண்டாவது, மறைந்தவர்கள். 'ஐன்ஸ்டைன் ஜப்பானுக்குப் போயிருக்கிறார்' என்று தமிழில் தயங்காமல் சொல்வோம். அவர் 1955-ல் இறந்துவிட்டார், அவருடைய வாழ்நாள் என்னும் காலம் முடிந்துவிட்டது. ஆகவே ஆங்கிலத்தில் 'ஐன்ஸ்டைன் வென்ட் டு ஜப்பான் இன் 1922' என்றுதான் சொல்வார்கள். ஆண்டைக் குறிப்பிடாவிட்டாலும் 'ஐன்ஸ்டைன் ஹேஸ் பீன் டு ஜப்பான்' பொருந்தாது.

மூன்றாவது, 'போயிருக்கிறார்'. இந்தச் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள்: போய்த் திரும்பிய அனுபவம் ஒன்று, போய் இன்னும் அங்கேயே இருப்பது மற்றொன்று. ஆங்கிலம் பிரித்துவிடுகிறது. திரும்பிவிட்டவர் 'ஹேஸ் பீன் டு ஜப்பான்', திரும்பாதவர் 'ஹேஸ் கான் டு ஜப்பான்'. எதிரில் நின்று பேசுபவர் தன்னைப் பற்றி 'ஐ ஹேவ் கான் டு ஜப்பான்' என்றால், பேசிக்கொண்டிருப்பது யார் என்று கேட்கத் தோன்றும்.

நான்காவது, 'வில்லை'. 'வரவில்லை' என்பதில் காலமே இல்லை. 'நேற்று வரவில்லை', 'இன்னும் வரவில்லை' இரண்டிலும் அதே வடிவம். பக்கத்துச் சொல்லைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்: முன்னது 'டிட்ன்ட் கம்', பின்னது 'ஹேஸ்ன்ட் கம்'.

சின்னச் சொற்களின் இடம்

'இப்போதுதான்' என்பது 'ஜஸ்ட்', 'ஏற்கெனவே' என்பது 'ஆல்ரெடி'. இரண்டும் 'ஹேவ்'க்கும் மூன்றாம் வடிவத்துக்கும் நடுவில்: 'ஷி ஹேஸ் ஜஸ்ட் லெஃப்ட்.' 'எவர்', 'நெவர்' இரண்டுக்கும் அங்கேயே இடம். 'நெவர்' வந்தால் 'நாட்' கூடாது.

'இன்னும்' கொஞ்சம் தந்திரக்காரச் சொல். 'யெட்' ஆனால் கடைசியில்: 'ஐ ஹேவ்ன்ட் ஃபினிஷ்ட் யெட்.' 'ஸ்டில்' ஆனால் 'ஹேவ்ன்ட்'டுக்கு முன்: 'ஐ ஸ்டில் ஹேவ்ன்ட் ஃபினிஷ்ட்.' இரண்டாவதில் ஒரு பொறுமையின்மை தொனிக்கும், அதனால் மேலதிகாரிக்கு எழுதும் மின்னஞ்சலில் யோசித்துப் போடுங்கள்.

அமெரிக்க ஆங்கிலத்தில் இந்தச் சொற்களோடு சாதாரண இறந்தகாலமும் சகஜம். 'டிட் யூ ஈட் யெட்?' என்று கேட்டால் அது பிழையில்லை. பிரிட்டிஷ் முறையிலான தேர்வுக்குப் படிப்பவர்கள் 'ஹேவ் யூ ஈட்டன் யெட்?' என்பதையே வைத்துக்கொள்வது நல்லது.

நான்காவது வாரம்: பேசிப் பழகுவது

உரையாடலில் பிரசன்ட் பெர்ஃபெக்ட் பெரும்பாலும் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும், விவரங்களை இறந்தகாலம் சொல்லும். அந்த ஓட்டத்தை அப்படியே பழகுங்கள்.

'ஹேவ் யூ எவர் மிஸ்ட் எ ஃபிளைட்?'
'யெஸ், ஐ ஹேவ்.'
'வென் டிட் யூ மிஸ் இட்?'
'ஐ மிஸ்ட் இட் லாஸ்ட் இயர்.'

ஒரு நாளைக்கு ஐந்து கேள்வி, ஒவ்வொன்றிலும் இந்த நான்கு வரி. துணைக்கு ஆள் இல்லையென்றால் இருவர் குரலையும் நீங்களே பதிவு செய்யலாம். மறுநாள் அதைக் கேட்டு மூன்றே மூன்று விஷயங்களை மட்டும் குறியுங்கள்: 'ஹேவ்' விட்டுப்போன இடங்கள், காலச் சொல்லோடு 'ஹேவ்' சேர்ந்துவிட்ட இடங்கள், வினை கடைசிக்கு ஓடிப்போன இடங்கள். உச்சரிப்பையும் சேர்த்துத் திருத்தப் போனால் எதுவும் திருந்தாது.

கேட்கும்போது ஒரு சங்கடம் வரும். வேகமான பேச்சில் 'ஐ ஹேவ்' என்பது 'ஐவ்' ஆகி, அதுவும் பாதி காதில் விழாது. 'ஹீஸ்' என்பது 'ஹி இஸ்' ஆகவும் இருக்கலாம், 'ஹி ஹேஸ்' ஆகவும் இருக்கலாம். அடுத்த சொல்தான் சொல்லும்: 'ஹீஸ் டேக்கிங் இட்' என்றால் 'இஸ்', 'ஹீஸ் டேக்கன் இட்' என்றால் 'ஹேஸ்'.

முடிவாக எட்டு வாக்கியங்கள். விடையை மூடிவைத்துவிட்டு, எழுதாமல் வாயால் சொல்லிப் பாருங்கள்.

1. அவரைப் பத்து வருடமாகத் தெரியும்.
2. அவள் நேற்றே பணத்தை அனுப்பியிருக்கிறாள்.
3. ரயில் இன்னும் வரவில்லை.
4. இந்த வாரம் நூலகத்தில் அவரை இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.
5. காலையிலிருந்து மழை பெய்கிறது.
6. அப்பா வெளியே போயிருக்கிறார், அரை மணி நேரத்தில் வந்துவிடுவார்.
7. நேற்று வாங்கிய புத்தகத்தைத் தொலைத்துவிட்டேன்.
8. சாவியை எங்கே வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை.

விடைகள்:

1. 'ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்.' தமிழில் 'எனக்கு' கூட இல்லை, ஆங்கிலத்தில் 'ஐ' வந்தாக வேண்டும்.
2. 'ஷி சென்ட் தி மணி யெஸ்டர்டே.' 'இருக்கிறாள்' இருந்தும் 'ஹேஸ்' இல்லை, காரணம் 'நேற்று'.
3. 'தி டிரெய்ன் ஹேஸ்ன்ட் அரைவ்ட் யெட்.'
4. 'ஐ ஹேவ் சீன் ஹிம் அட் தி லைப்ரரி ட்வைஸ் திஸ் வீக்.' வாரம் முடியவில்லை, அதனால் 'ஹேவ்' நிற்கிறது.
5. 'இட் ஹேஸ் பீன் ரெயினிங் சின்ஸ் திஸ் மார்னிங்.'
6. 'மை ஃபாதர் ஹேஸ் கான் அவுட். ஹி வில் பி பேக் இன் ஹாஃப் ஆன் அவர்.'
7. 'ஐ ஹேவ் லாஸ்ட் தி புக் ஐ பாட் யெஸ்டர்டே.' இங்கே 'யெஸ்டர்டே' இருந்தும் 'ஹேவ்' தவறில்லை. நேற்று என்பது வாங்கியதற்கு உரியது, தொலைத்ததற்கு அல்ல.
8. 'ஐ டோன்ட் நோ வேர் ஹி ஹேஸ் புட் தி கீ.' இதில் 'வேர் ஹேஸ் ஹி புட்' என்று வாயில் வந்திருந்தால், முதல் வாரத்தில் பார்த்த கேள்வி வாக்கியங்களை இன்னும் இரண்டு நாள் அட்டையில் அடுக்குங்கள்.